படத்துக்கு வெளியே விழுந்த கிளிக்

நம்பாதவர்களை நம்ப வைக்க இதைச் சொல்லவில்லை. இது நடந்தது. 1995 நவம்பரில், பட்டப்பகலில், பிரிக்பீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடையின் மேல்மாடியில் இருந்த சின்னக் கம்ப்யூட்டர் ஆபீசில் நடந்தது.

உர்சுலா அங்கே புரோகிராமர். அவள் கணவன் மாரிஸ், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கேரித் தீவுப் பக்கம் தனியாகப் படகில் மீன் பிடிக்கப் போனான். திரும்பவில்லை. மறுநாள் படகு மட்டும் ஆற்று முகத்துவாரத்தில் கவிழ்ந்து கிடந்தது. ஆற்றில் தேடினார்கள், கடலில் தேடினார்கள். மூன்று நாள் கழித்துப் போலீஸ் படகுகள் தேடலை விட்டுக் கரையேறிவிட்டன.

உர்சுலா அழவில்லை. கிள்ளான் வீட்டுக்கு ஜெபம் சொல்ல வந்தவர்களுக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தாள். வெள்ளிக்கிழமை குளித்து, பஸ் ஏறி, வேலைக்கு வந்துவிட்டாள்.

"ஏன் வந்தே? வீட்டுல இருக்கலாம்லா," என்றாள் பக்கத்து மேசை சந்திரகலா.

"வீட்டுல என்ன செய்யறது?"

சந்திரகலா தன் திரைக்குத் திரும்பினாள்.

உர்சுலா பாதியில் விட்டிருந்த வேலை எண்ணெய் எடுக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்துக்கானது. அதுவும் கேரித் தீவில்தான். யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை. திரையில் தோட்டத்தின் வரைபடம் நிற்கும். மௌஸை நகர்த்தி எங்காவது கிளிக் செய்தால், அது எந்தப் பகுதி என்று காட்ட வேண்டும். கிளிக் சரியான இடத்தில் விழுகிறதா என்று பார்க்க, கீழே இரண்டு எண்கள் வரும்படி எழுதியிருந்தாள். X என்பது படத்தின் இடது ஓரத்திலிருந்து எவ்வளவு தள்ளி. Y என்பது மேல் ஓரத்திலிருந்து எவ்வளவு கீழே. கிளிக் கிடைத்ததும் கம்ப்யூட்டர் 'டிக்' என்று ஒலிக்கும்.

மதியம் மூன்று மணி. மழை ஊற்றிக்கொண்டிருந்தது. உர்சுலா இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள்.

டிக்.

X மைனஸ் 64. Y 212.

மைனஸ் வரக்கூடாது. மைனஸ் என்றால் படத்தின் இடது ஓரத்தையும் தாண்டி வெளியே. அங்கே கிளிக் செய்ய எதுவுமே இல்லை.

"மௌஸ் பழசுலா," என்றாள் சந்திரகலா. "உள்ள பந்து அழுக்காயிருக்கும். துடைச்சுப் பாரு."

பந்தைக் கழற்றித் துடைத்தாள். புரோகிராமை வரி வரியாகப் படித்தாள். தப்பு எதுவும் இல்லை.

டிக்...

மைனஸ் 64. 212.

அதே புள்ளி. அன்று சாயங்காலம் வரை சில நிமிடங்களுக்கு ஒரு தடவை, இம்மி பிசகாமல் அதே புள்ளி.

சனிக்கிழமையும் நிற்கவில்லை. முதலாளி சபாபதி வந்து பார்த்தார். "வர்ற வாரம் தோட்டத்துக்காரங்க வராங்கம்மா. மைனஸ் வந்தா காட்டாம விட்டுடேன்."

உர்சுலா ஒரு வரி சேர்த்தாள். X பூஜ்யத்துக்குக் கீழே போனால் காட்டாதே. எண்கள் மறைந்தன. ஒலி மறையவில்லை. அவள் பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

திங்கட்கிழமை மறுபடி மழை. ஒலி இப்போது அடிக்கடி வரவில்லை. அரை மணிக்கு ஒன்று. சில சமயம் அதுகூட இல்லை. உர்சுலா எழுந்து, கம்ப்யூட்டருக்குப் பின்னால் கையை விட்டு, மௌஸின் ஒயரைப் பிடுங்கினாள். மேசைமேல் வைத்தாள்.

காத்திருந்தாள்.

மூன்று நாற்பது.

டிக்...

சந்திரகலா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். "யாரு... யாரு கிளிக் பண்றது?"

உர்சுலா கீபோர்டைப் பக்கத்தில் இழுத்தாள். சனிக்கிழமை சேர்த்த வரியை அழித்தாள்.

டிக்.

மைனஸ் 64. 212.

அலமாரியில் தோட்டத்துக்காரர்கள் கொடுத்த பெரிய காகித வரைபடம் இருந்தது. தோட்டம் இருந்த பகுதியை மட்டும்தான் கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்தாள். காகிதத்தை விரித்தாள். திரையில் இருந்த பகுதியின் எல்லையை அதில் குறித்து, ஸ்கேலை வைத்து, இடது ஓரத்துக்கு வெளியே 64, மேலிருந்து கீழே 212 என்று அதே விகிதத்தில் அளந்தாள். பென்சில் முனை சேற்றில் வேர் ஊன்றி நிற்கும் பாக்காவ் காட்டுக்குள் போய் நின்றது. ஒரு சின்ன ஓடையின் வளைவு.

கிள்ளானில் இருந்த மாரிஸின் அண்ணன் இருதயத்துக்குப் போன் செய்தாள்.

"அண்ணே, மேற்கால பாக்காவ் காட்டுக்குள்ள ஒரு ஓடை இருக்கு. அங்க தேடினீங்களா?"

"படகு கிடந்தது இந்தப் பக்கம் லா. அங்க எதுக்குத் தேடணும்? யாரு சொன்னா?"

உர்சுலா பென்சில் புள்ளியைப் பார்த்தாள். "போய்ப் பாருங்கண்ணே."

"கடல் தண்ணி இறங்கிருச்சும்மா. இப்ப படகு போகாது. விடியக் காலையில போறேன்."

அவள் திரையின் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

ஐந்தரைக்கு ஒரு தடவை ஒலித்தது.

பிறகு இல்லை.

மழை நின்றது. கீழே சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. சபாபதி கதவைப் பூட்ட வரும்வரை உட்கார்ந்திருந்தாள்.

டிக்... வரவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை, படகோட்டி பக்கிரிசாமியைக் கூட்டிக்கொண்டு இருதயம் போனார். ஓடை வளையும் இடத்தில், வேர்களுக்கு நடுவே கால் மாட்டிக்கொண்டு மாரிஸ் கிடந்தான்.

மருத்துவமனையில் அடையாளம் காட்ட உர்சுலாவை அழைத்தார்கள். துணியை விலக்கினார்கள். "இவர்தான்," என்றாள். சட்டையில் ஒரு பொத்தான் கழன்றிருந்தது. மாட்டிவிட்டாள்.

வெளியே வராந்தாவில் டாக்டர் தாழ்ந்த குரலில் பேசினார். "கால் எலும்பு முறிஞ்சிருக்கு. நகர முடிஞ்சிருக்காது. மழைத் தண்ணியைக் குடிச்சே சமாளிச்சிருக்காரு."

"சமாளிச்சாரா?" இருதயம் டாக்டரின் கையைப் பிடித்தார். "படகு கவுந்த அன்னிக்கே... ஒன்பது நாளைக்கு முன்னாடியே முடிஞ்சிருக்கும்னுதானே டாக்டர் நாங்க..."

டாக்டர் தலையை ஆட்டினார்.

"இல்லைங்க. நேத்துச் சாயங்காலம் வரைக்கும் உயிரோடதான் இருந்திருக்காரு."