மயிலாப்பூருக்கு எட்டு நாள்

மனிதனை நிறுத்துப் பார்த்துத்தான் ஆகாய விமானத்தில் ஏற்றுகிறார்கள், தெரியுமோ! லண்டனை அடுத்த குராய்டன் விமான நிலையத்தில், கோட்டும் பூட்ஸுமாகப் பெட்டியோடு என்னையும் தராசில் ஏற்றினார்கள். கொத்தவால் சாவடிச் சந்தை மூட்டை மாதிரி நின்றேன். துளிகூட வெட்கமில்லை. இரண்டு மணி நேரத்துக்கு முன்னால் என் கையில் பாஸ்போர்ட்டே இல்லையே!

மயிலாப்பூரில் என் தங்கை அலமுவுக்குக் கல்யாணம். "அண்ணா வந்து பொரி போடலேன்னா நான் மணையில உக்காரமாட்டேன்" என்று எழுதிவிட்டாள். ஹோமத்துக்குப் பெண்ணின் கையில் பொரி இடுவது உடன்பிறந்தவன் அல்லவா? லண்டன் வேலையில் எனக்குக் கிடைத்ததோ ஐந்து வாரம் லீவு. கப்பலென்றால் போக மூன்று வாரம், திரும்ப மூன்று வாரம். ஐயாயிரம் மைலை எட்டே நாளில் தாண்டும் விமானத்தை விட்டால் வேறு வழி ஏது?

விமானம் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு. சரியான ராகுகாலம்! "முதல் நாளே நல்ல நேரத்துல பரஸ்தானம் வெச்சுடு" என்று அப்பாவின் கடிதம். பிரயாணச் சாமானில் ஒன்றை நல்ல வேளையில் முன்கூட்டியே அடுத்த வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால், அப்போதே கிளம்பிவிட்டதாக அர்த்தம். ஞாயிறு காலை ஒரு வேஷ்டியின் மடிப்பில் பாஸ்போர்ட்டைச் செருகி, ஒரு பிடி அரிசியும் முடிந்து, பையோடு அடுத்த வீட்டு வெள்ளைக்கார அம்மாளிடம் கொடுத்தேன். "உங்களுக்கு எவ்வளவு நல்ல மனசு!" என்றாள். நானும் தலையாட்டினேன்.

மறுநாள் விடிந்ததும் போய்க் கதவைத் தட்டினால், பை மாதாகோவிலுக்குப் போய்விட்டதாம்! ஏழைகளுக்கு நான் தந்த தானம் என்று நினைத்துவிட்டாள். ஓடினேன் பாருங்கள், அப்படி ஓடினேன். பாதிரியார் காட்டிய பழந்துணிக் குவியலின் அடியில் என் வேஷ்டி, மடிப்புக்குள் பாஸ்போர்ட். அரிசியை அவருக்கே விட்டுவிட்டு ரயிலைப் பிடித்தேன்.

அப்புறம் ஒரே ஆகாயம்தான்! காலையில் ஒரு தேசம், சாயங்காலம் ஒரு தேசம். கராச்சியிலிருந்து தபால் விமானத்தில், மூட்டைகளுக்கு நடுவே முழங்காலை மடக்கிக்கொண்டு வந்தேன். கீழே அடையாறு தெரிந்ததும் கத்தியேவிட்டேன். விமானி திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தான்.

"இன்னா சாமி, மெய்யாலுமே சீமைலேர்ந்து பறந்துக்கினா வந்தே? தல சுத்தல?" என்றான் பரங்கிமலையில் டாக்ஸிக்காரன். வீட்டிலோ, பை தொலைந்த கதையைக் கேட்ட அப்பா, "நல்ல நேரத்துல வெச்சே, அதான் கெடைச்சுது" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

மறுநாள், புதன்கிழமை, முகூர்த்தம். மாப்பிள்ளை மாம்பலத்துக்காரர். அலமுவின் குவிந்த கைகளில் பொரியை இட்டேன். மூன்றாவது தரம் இடுகையில் அவள் தலை நிமிராமல் மெல்லச் சொன்னாள்:

"ஐயாயிரம் மைலை எட்டு நாள்ல வந்துட்டே, அண்ணா. மாம்பலத்துலேர்ந்து நம்மாத்துக்கு மூணே மைல். நான் யார் யாரைக் கேட்டுண்டு, எப்போ வரப்போறேனோ!"

மிச்சப் பொரியையும் அவள் கையிலேயே இட்டேன். மயிலாப்பூர் வீட்டுக் குழந்தைகள் நாங்கள் இரண்டே பேர். இனிமேல் இரண்டு பேருமே லீவு வாங்கிக்கொண்டுதான் அங்கே வரவேண்டும்.