தெல்மா வீட்டுச் சுவர்

காலை பதினொன்றுக்குக் கதவைத் திறக்கும் முன் தெல்மா ஆக்ராய்ட் குழாய்ப் பிடியை இழுத்து ஒரு கிளாஸ் பியர் பிடிப்பாள். ராத்திரி முழுக்கக் குழாயில் தேங்கிக் கிடந்த பியர், வாயில் வைக்க முடியாது. மற்றக் கடைக்காரர்கள் கீழே கொட்டுவதை இவள் கவுண்டரின் கோடியில் வைத்து, "இந்தா ஜேபஸ், குடிச்சுத் தொலை" என்பாள். ஜேபஸ் போய்ச் சேர்ந்து நூற்றைம்பது வருஷம் இருக்கும்.

ஹாலிஃபாக்ஸில் எங்கள் தெருமுனை மதுக்கடைக்கு 'லேம் ஹெரன்' என்று பெயர். நொண்டிக் கொக்கு என்று நான் எனக்குள் தமிழ்ப்படுத்தி வைத்திருக்கிறேன். ஐந்து தலைமுறையாக ஆக்ராய்ட் குடும்பம்தான் நடத்துகிறது. தெல்மாவுக்கு அறுபத்து நான்கு வயது. ஆள் குட்டை, குரல் மட்டும் ரயில் நிலையத்துக்கே போதும். எல்லோரும் அவளுக்குக் 'கண்ணு'தான், வெளியே தள்ளும்போதும்கூட. "கோட்டை மாட்டிக்க கண்ணு, கிளம்பு" என்றால் கிளம்பிவிடுவது உடம்புக்கு நல்லது.

புதிய முகம் உள்ளே வந்தால் பேய்க்கதை சொல்லாமல் விடமாட்டாள். "எங்க எள்ளுத்தாத்தா சைலஸுக்கும் பீப்பா வண்டிக்காரன் ஜேபஸுக்கும் ஆகாது. ஒரு செவ்வாக்கிழமை ஜேபஸ் பீப்பா இறக்க நிலவறைக்குப் போறான். குதிரையும் வண்டியும் வாசல்லயே நிக்குது, ஆளைக் காணோம். அதே வாரம் எங்காளு கீழ புதுசா ஒரு சுவரு எழுப்புறாரு. மிச்சத்த நீயே யோசிச்சுக்க கண்ணு." கூட்ட நேரத்தில் பியர் வராமல் நின்றுபோனால், ஜேபஸ் கீழே பியரை மேலே தள்ளும் காஸை மூடிவிட்டான் என்று அர்த்தம். சிலிண்டர் மாற்ற மறந்தது தெல்மாதான் என்று கடை முழுக்கத் தெரியும். யாரும் வாயைத் திறப்பதில்லை.

போன வசந்தத்தில் அந்தச் சுவர் ஈரத்தில் ஊறிப் புடைத்துக்கொண்டது. இடித்தே ஆக வேண்டும் என்றார்கள். எலும்பு ஏதாவது கிடைத்தால் கூட்டம் அள்ளுமே, தெல்மா துள்ளிக் குதிப்பாள் என்று நினைத்தேன். அவளோ துடைத்த கிளாஸையே மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டிருந்தாள்.

"கதை வேற கண்ணு. நெசமாவே ஒருத்தன் உள்ள கிடந்தான்னா? வாசலுக்கு மேல எங்க பேருதானே எழுதியிருக்கு. கொலைகாரன் வீட்டுப் பொண்ணுன்னு ஆயிடுவேனே. நாப்பது வருஷமா ஊரு பூரா நானே சொல்லிவெச்சுட்டு, இனி எந்த வாயால இல்லைம்பேன்?"

அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. சும்மா இருக்காத வாய் செய்த வேலை.

கொத்தனார் டங்கன் சம்மட்டியோடு வந்த அன்று தெல்மா நிலவறைப் படியிலேயே நின்றுவிட்டாள். அவளுக்குப் பின்னால் நானும் ஓய்வுபெற்ற தபால்காரர் நோரிஸும் நின்றோம்.

"பாதிரியாருக்குச் சொல்லி அனுப்பட்டுமா தெல்மா?" என்றார் நோரிஸ்.

"வாயப் பொத்து. இல்ல, உன்ன உள்ள வெச்சுப் பூசிருவேன்." ரயில் நிலையக் குரல் அன்று எழும்பவே இல்லை.

நாலாவது அடியில் செங்கல் சரிந்தது. டங்கன் டார்ச்சோடு தலையை உள்ளே விட்டான். வெளிச்சத்தை மூலைக்கு மூலை திருப்பினான்.

"என்னடா இருக்கு? சொல்லித் தொலையேன்!" என்றாள் தெல்மா.

"ஆளு யாருமில்ல. எலும்புமில்ல. ஒரு முக்காலி, ஒரு பெரிய பியர் ஜாடி, மண் புகைக்குழாய் ஏழெட்டு. பக்கத்துல ஒரு ஆள் நுழையுற கதவு. அப்பால கரிக்கொட்டடி."

நோரிஸ்தான் முதலில் விஷயத்தைப் புரிந்துகொண்டார். சைலஸின் மனைவி மெதடிஸ்ட் சபைக்காரி. இனிக் குடிப்பதில்லை என்று புருஷனைச் சபையில் கையெழுத்துப் போடவைத்தவள். அந்தச் சீட்டு சட்டம் போட்டு இன்றும் மேலே கல்லாவுக்குப் பின்னால் தொங்குகிறது.

"சாராயக்கடைய வெச்சுக்கிட்டு, பொண்டாட்டிக்குப் பயந்து சுவருக்குள்ள ஒளிஞ்சு குடிச்சிருக்காரு மனுஷன்!" என்றார் நோரிஸ்.

"அப்ப ஜேபஸு?" என்றான் டங்கன்.

"எவளோட ஓடினானோ, யாருக்குத் தெரியும்? இங்க இல்லல்ல, அது போதும்" என்றார் நோரிஸ்.

எனக்கே அப்போதுதான் மூச்சு வந்தது. தெல்மா டங்கனை ஒதுக்கிவிட்டு, செங்கல் குவியல் மேல் ஏறி உள்ளே போனாள். முக்காலியை ஏப்ரனால் துடைத்து உட்கார்ந்தாள். காலணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி ஓரமாக வைத்தாள். பிறகு எள்ளுத்தாத்தாவின் மிச்சச் சுவரில் முதுகைச் சாய்த்து, காலை நன்றாக நீட்டிக்கொண்டாள்.