செவ்வாய்க்கிழமைப் பொன்ராஜ்

மேல்சோலை எஸ்டேட்டில் ஹெட் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்ற சில்வஸ்டருக்கு அரசாங்க ஆஸ்பத்திரி என்றாலே ஆகாது. மஞ்சூர் பஸ்ஸுக்கு நாலு பேர் நின்றால் போதும், ஆரம்பித்துவிடுவார்.

"தனியார்கிட்டக் குடுத்துப் பாருங்க. தரை கண்ணாடியாட்டம் இருக்கும். நம்மளை 'சார்'னு கூப்புடுவாங்க. இங்க? 'ஏ பெரிசு, சீட்டு எங்க?'ம்பான்."

பஸ் வந்து ஹாரன் அடித்தாலும் பேச்சு நிற்காது. யாரும் மறுத்துப் பேசவும் மாட்டார்கள். ஊரில் பாதிப் பேருக்கு லீவ் எழுதிக் கொடுத்த கை அது. அவர் சொன்னதில் கொஞ்சம் உண்மையும் இருந்தது, இல்லையென்று சொல்ல முடியாது. மேல்சோலை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு டாக்டர் வாரத்தில் மூன்று நாள்தான் வருவார். மழைக்காலத்தில் ஊசி போடும் அறையில் ஒரு வாளி எப்போதும் இருக்கும்.

இத்தனை வாய் பேசுகிற மனிதர், மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை காலையில் மட்டும் வீட்டில் இருக்கமாட்டார். அன்றைக்குத்தான் அந்த நிலையத்தில் பிரஷர் மாத்திரை இலவசமாகக் கொடுப்பார்கள். குரங்குக் குல்லாவைக் கண்வரை இழுத்துவிட்டு, மஃப்ளரை மூக்கு மறையச் சுற்றி, ரோட்டு வழியை விட்டுத் தேயிலைக்காட்டு வழியாகப் போவார்.

"குல்லா போட்டா மூஞ்சி மறையும், நடை மறையுங்களா?" என்பாள் மனைவி ஜெஸிந்தா.

"சும்மா இரு" என்பார் இவர்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் பஸ்ஸில் மயங்கி விழுந்தவரைக் கோயம்புத்தூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோனார்கள். 'சார்' என்றுதான் கூப்பிட்டார்கள், பொய் சொல்லக்கூடாது. படுக்கவைத்தபோதும் சார், ஸ்கேன் எடுத்தபோதும் சார், பில்லை நீட்டியபோதும் சார். அன்றைக்குக் கழற்றிய ஜெஸிந்தாவின் வளையல் இன்னும் கைக்கு வரவில்லை.

அடுத்த மாதமே குல்லாவோடு மேல்சோலை வரிசையில் போய் நின்றார். நர்ஸ் ஷைனா நோட்டைத் திறந்து, "பேரு?" என்றாள். இரண்டு தெரு தள்ளி இருக்கிறவள், அவரைத் தெரியாதா அவளுக்கு? இவர் ஒரு நொடி விழித்துவிட்டு, "பொன்ராஜ்" என்றார். அவள் சிரிக்காமல் எழுதிக்கொண்டாள்.

"பொன்ராஜ் அண்ணா, கருவாட்டை விட்டுருங்க. மாத்திரையை ஒரு நாளும் விட்டுராதீங்க."

நூற்றுத் தொண்ணூறில் நின்ற பிரஷரை மாதாமாதம் திட்டித் திட்டியே இறக்கினாள் மகராசி.

இப்படி இருக்கையில்தான், சுகாதார நிலையத்தை ஒரு தனியார் அறக்கட்டளையிடம் ஒப்படைக்கப் போவதாக நோட்டீஸ் வந்தது. கருத்துக் கேட்புக் கூட்டமாம். பொதுமக்கள் சார்பில் ஆதரித்துப் பேச யாரைக் கூப்பிடுவார்கள்? நம்மவரைத்தான். படித்துத் தயாராகச் சொல்லி ஒப்பந்தத்தின் நகலையும் கொடுத்தார்கள். ஏழாவது பத்தியில் விரல் நின்றுவிட்டது. 'பரிசோதனை இலவசம். மருந்துகள் எங்கள் மருந்தகத்தில் சலுகை விலையில் கிடைக்கும்.'

தோள் வழியாக எட்டிப் பார்த்த ஜெஸிந்தா, "ஏனுங்க, பொன்ராஜுக்கும் சலுகை உண்டுங்களா?" என்றாள்.

அன்று மத்தியானம் அவருக்குச் சோறு இறங்கவில்லை. மாத்திரை போய்விடுமே என்று பயம். வாயைத் திறந்தால் மானம் போய்விடுமே என்று அதைவிடப் பெரிய பயம்.

கூட்டத்தன்று சமுதாயக்கூடத்து வாசலில் அறக்கட்டளைக்காரர்கள் மேசை போட்டு எல்லோருக்கும் இலவசமாகப் பிரஷர் பார்த்தார்கள். சில்வஸ்டருக்கும் பார்த்தார்கள். நூற்று முப்பது, எண்பது. டை கட்டிய மேலாளர் தினேஷ்குமாருக்குத் தலைகால் புரியவில்லை. அவரைக் கையோடு மேடைக்கு இழுத்துப்போய் மைக்கைப் பிடித்தார்.

"அறுபத்தெட்டு வயசு! பிரஷர் எப்படி இருக்கு பாருங்க! தரமான சிகிச்சைன்னா இதுதான். சார், நீங்க எந்த பிரைவேட் ஹாஸ்பிடல்ல பார்க்கறீங்க? ஜனங்களுக்குச் சொல்லுங்க சார்."

மைக் மூக்குக்குக் கீழே வந்து நின்றது. கடைசி வரிசையில் ஷைனா உட்கார்ந்திருந்தாள். நோட்டு அவள் மடியில் இருந்தது. அவள் தலையைக் குனிந்து குடைக் கம்பியைச் சரிசெய்துகொண்டிருந்தாள். அவள் ஒரு சிரிப்பு சிரித்திருந்தாலும், இவர் வீம்புக்கு ஏதாவது கோயம்புத்தூர்ப் பெயரைச் சொல்லியிருப்பார்.

"நம்ம ஷைனா சிஸ்டர்கிட்டத்தானுங்க" என்றார் சில்வஸ்டர்.

தினேஷ்குமார் மைக்கை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். அதற்குள் நடுவிலிருந்து ஒருத்தி, "அப்படிச் சொல்லுங்க பொன்ராஜண்ணே!" என்று கத்த, கூடமே சிரித்தது. அட கடவுளே, எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது! மூன்று வருஷமாக ஒருத்தரும் அவர் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. அவருக்குக் காது சுட்டது, கண்ணும் கலங்கியது.

கூட்டத்தை நடத்திய அதிகாரி மேசையைத் தட்டினார். "ஆட்சேபம் இருக்கறவங்க இந்தத் தாள்ல பேர் எழுதலாம்."

சில்வஸ்டரே முதலில் போனார். ஹெட் கிளார்க் கையெழுத்தில், அழுத்தி, 'பொன்ராஜ்' என்று எழுதினார். அதற்குக் கீழே 'சில்வஸ்டர்' என்று எழுதினார்.

"சார், ஒரு ஆளுக்கு ஒரு பேருதான்" என்றார் அதிகாரி. "ஒண்ணை அடிச்சிருங்க."

"அப்ப சில்வஸ்டரை அடிச்சிருங்க. மூணு வருஷமா வரிசையில நின்னவன் பொன்ராஜுதானுங்க. நான் பஸ் ஸ்டாப்புலதான் நின்னேன்."