குதிரைப் பாட்டு ரசிகர்கள்

இசைத்தட்டின்மேல் கிராமபோன் ஊசி இறங்கும்போது எழும் அந்தச் "சர்ர்ர்" சத்தம் எங்காவது காதில் விழுந்தால் இன்றைக்கும் எனக்குப் பல் கூசுகிறது. அதன் பின்னாலேயே பிடில்கள் துள்ளிக்கொண்டு வரும், கிட்டார் ஒன்று இழுத்து இழுத்து அழும், நடுநடுவே ஒருத்தன் கிச்சுகிச்சு மூட்டியதுபோல் கூவுவான். அமெரிக்க மாட்டுப்பண்ணைக்காரர்கள் ஆடுவதற்காக வாசித்த இந்த வகைக்கு "வெஸ்டர்ன் ஸ்விங்" என்று பெயராம். தாளம் குதிரை ஓடுவதுபோல் இருந்ததால் எங்கள் எஸ்டேட்டில் "குதிரைப் பாட்டு". ஒரு வார்த்தைக்குக்கூட எவருக்கும் அர்த்தம் தெரியாது.

மூணாறுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தின் துரைமார் கிளப்பில் அப்பா பரிமாறும் வேலை பார்த்தார். கடைசி வெள்ளைக்காரத் துரை ஊருக்குக் கிளம்பியபோது கிராமபோன் பெட்டியையும், உடையாமல் மிஞ்சிய அந்த ஒரே தட்டையும் அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். அம்மாவுக்குச் சனி பிடித்தது அன்றைக்குத்தான்.

அம்மா ஆறு நாளும் மழையிலும் அட்டைக்கடியிலும் கொழுந்து கிள்ளுகிறவள். காலை நீட்டிப் படுக்க அவளுக்கு ஞாயிறு ஒன்றுதான் உண்டு. அன்று சோறு தின்ற கை காய்வதற்குள் ரசிகப் பெருமக்கள் வந்துவிடுவார்கள்: ஃபாக்டரி ஃபிட்டர், லாரி டிரைவர், கங்காணி, அவர்கள் கூட்டிவரும் மச்சான்மார். "மதினி, கட்டன் சாயா கெடைக்குமா?" என்று கேட்டுக்கொண்டேதான் செருப்பைக் கழற்றுவார்கள். கிடைக்காது என்று சொல்லும் உரிமை அம்மாவுக்கு இருந்ததாக எனக்கு நினைவில்லை.

கிளப்புக்குப் பின்னால் இருந்த எங்கள் வீட்டுக்குப் பலகைத் தரை. யாராவது நடந்தால் அது அதிர்ந்து ஊசி குதித்துவிடும் என்பதால் அப்பா ஒரு சட்டமே போட்டிருந்தார். சாயா டம்ளர்களை வைத்த உடனே அம்மாவும் நானும் தங்கையும் வெளியேறிவிட வேண்டும்.

"ஏ, பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு வெளிய நில்லு. நீ அங்கிட்டும் இங்கிட்டும் நடந்தா ஊசி குதிக்கும்."

விறகுக் கொட்டகையில் நிற்போம். தகரக் கூரையில் மழை கொட்டுகிற இரைச்சலில் பாட்டு பாதி கேட்கும், பாதி கேட்காது. "இன்னொருக்காப் போடுண்ணே" என்ற குரல் மட்டும் தெளிவாகக் கேட்கும். உடனே அம்மா உள்ளே போய் அடுத்த சாயா போட்டுக் கொடுத்துவிட்டு மறுபடி வெளியே வருவாள். ஒரு ஞாயிறு அவளுக்குக் கடுங்காய்ச்சல். கம்பளியைப் போர்த்திக்கொண்டு நடுங்கியபடி வெளியே போனவளைப் பார்த்து, "பாவம் மதினி" என்றார் டிரைவர். சொல்லிவிட்டு வசதியாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அன்றிலிருந்து அந்தப் பாட்டை மட்டுமில்லை, அதைக் கேட்டுத் தலையாட்டிய அத்தனை பேரையும் நான் வெறுக்கிறேன், அப்பா உட்பட.

அப்பா போய்ச் சேர்ந்தாயிற்று. கிளப் இப்போது சுற்றுலா விடுதி, எங்கள் வீடு இருந்த இடத்தில் கார் நிறுத்துகிறார்கள். கிராமபோன் எந்தக் காயலான் கடைக்குப் போனதோ. ரசிகர்களின் காதல் மட்டும் ஒழிந்தபாடில்லை. மிச்சமிருக்கும் கிழவர்களும் அவர்கள் பிள்ளைகளும் வாட்ஸ்அப்பில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். வருஷம் ஒருமுறை மூணாறில் கூடி, யூடியூபில் தேடிப்பிடித்த அதே பாட்டைப் போட்டுக் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். "அண்ணன் ஊட்டு ஞாயித்துக்கெழம மாதிரி வருமா?" என்று எழுதுவார்கள். வாயில் வந்த வசவையெல்லாம் தட்டி, அனுப்பாமல் அழித்திருக்கிறேன்.

இந்த வருஷம் அம்மாவுக்குப் பொன்னாடை போர்த்த வேண்டுமென்று கூப்பிட்டார்கள். போகவே கூடாது என்று நான் குதித்தேன். "கூப்புடுறாகள்ல, போயிட்டு வருவோம்" என்று புடவை மாற்றிக்கொண்டாள்.

முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். பாட்டு தொடங்கியது. அம்மா முகம் சுளிப்பாள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். சுளிக்கவில்லை. அவள் வலது கால் தாளத்தோடு மெல்லத் தட்டிக்கொண்டிருந்தது. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

முடிந்ததும், பல்லெல்லாம் போன ஃபிட்டர் மைக்கை நீட்டினார். "நம்ம பாட்டு எப்படி மதினி?"

"நல்லாத்தான்யா இருக்கு. இம்புட்டு வருசத்துல இன்னைக்குத்தான் முழுசாக் கேக்குறேன்" என்றாள் அம்மா. பிறகு, குரலை உயர்த்தாமல், "உள்ள உக்காரச் சொல்லியிருந்தா நானும் ஆடாம அசையாம உக்காந்திருப்பேனேய்யா."