பென்னு நோவு

அடுத்த வீட்டு அக்காவைப் பற்றிப் பெருமையாக எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் பழகிய புதிதில் பத்து நாள் அவளோடு நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. தப்பு முழுக்க என் காதுடையது. என் வாய்க்கும் அதில் பங்கு உண்டு.

எண்பதுகளில் மத்திகிரியில், ஆறு வீடுகள் ஒரே வரிசையில் இருந்த லைன் வீட்டில் குடியிருந்தோம். கணவருக்கு ஓசூரில் கம்பெனி வேலை, ஷிஃப்ட். எனக்கு ஏழாம் மாதம். மூத்தவளுக்கு ஒன்றரை வயது. நடப்பாள், ஓடுவாள், என்னைக் கண்டால் மட்டும் கால் மறந்துபோகும். நாள் முழுக்க "தூக்கு, தூக்கு"தான். அடிமுதுகு விண்விண்ணென்று தெறித்தது. ஆஸ்பத்திரி நர்சம்மா பார்த்துவிட்டு, "எல்லாம் நல்லாத்தான் இருக்குது. குனிஞ்சு வெயிட்டு மட்டும் தூக்காத" என்றார். குனியாவிட்டால் வெயிட்டு தானாக மேலே வருமா என்று கேட்க நினைத்து, கேட்காமல் வந்தேன்.

கணவருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். சாமல்பட்டியில் இருந்த தன் அம்மாவுக்கு லெட்டர் போட்டார். பிரசவமாகி நான் எழுந்து நடமாடும் வரை பேத்தியைக் கொண்டுபோய் வைத்துக்கொள்வதாகவும், அமாவாசை கழிந்து வருவதாகவும் பதில் வந்தது. அத்தை கெட்டவர் அல்ல. வீட்டில் கறவை மாடு இருந்தது, குழந்தை நன்றாகத்தான் இருந்திருப்பாள். ஆனாலும் எனக்குப் பகீரென்றது. தம்பி பிறந்தபோது என்னை இப்படித்தான் சித்தி வீட்டில் விட்டார்கள். ஆறு மாதம் கழித்து அம்மா கூட்டிப்போக வந்தபோது, சித்தியின் புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "யாரு?" என்று கேட்டேனாம். அம்மா அதை வேடிக்கைக் கதையாகச் சொல்வார், சொல்லி முடிக்கும்போது கண்ணைத் துடைத்துக்கொள்வார். என் மகள் என்னைப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்டுவிடக் கூடாது என்பதுதான் எனக்கு அப்போது இருந்த ஒரே பயம்.

அடுத்த வீட்டுக்காரி கன்னடம் பேசுகிறவள். என்னைவிட இரண்டு மூன்று வயது பெரியவள். அரசாங்க மாட்டுப்பண்ணையில் புல் அறுக்கும் கூலி வேலை. ஒரு சாயங்காலம் நான் முதுகைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றதைப் பார்த்து, "பென்னு நோவா?" என்றாள்.

என் காதில் விழுந்தது "பெண்ணு நோவா?" பொண்ணு என்பது அவள் நாக்கில் பெண்ணாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். முதுகு வலித்தால் வயிற்றில் இருப்பது பெண் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். இரண்டாவதாவது பையனாக இருக்க வேண்டும் என்று அத்தை வேண்டிக்கொண்டிருந்த நேரம். இவள் வேறு வந்து ஜோசியம் பார்க்கிறாளே என்று சுருக்கென்றது.

"எதுவா இருந்தா உனக்கென்ன?" என்று கதவைச் சாத்தினேன். அவள் திகைத்து நின்றது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. தெரிந்தும் திறக்கவில்லை.

அந்தப் பத்து நாளும் அவள் எனக்கு முன்னால் குழாயடிக்குப் போய், என் குடத்தையும் நிரப்பி வாசலில் வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். கோபமாக இருந்த நான் தண்ணீரை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

பதினோராம் நாள், துவைக்கிற கல்லருகே மகளைத் தூக்கக் குனிந்தேன். நிமிர முடியவில்லை. முதுகு பிடித்துக்கொண்டது. மகள் புடவையைப் பிடித்து இழுத்து அழ, நானும் அழ, வேலையிலிருந்து வந்துகொண்டிருந்தவள் அரிவாளைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். என் கைகளைக் கல்லின்மேல் ஊன்றச் செய்து, உள்ளங்கையை என் முதுகில் வைத்து மெல்ல அழுத்தி, "பென்னு, பென்னு" என்றாள். அப்போதுதான் மண்டையில் ஏறியது. கன்னடத்தில் முதுகுக்குப் பென்னு என்று பெயர்.

"நான் பொண்ணுன்னு நெனச்சிட்டேங்க்கா" என்றேன். அவளுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் ஆனது. விளங்கியதும் கல்லில் உட்கார்ந்து சிரித்தாள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. நான் மன்னிப்புக் கேட்பதற்குள் அவள் செங்கல் தேடப் போய்விட்டாள்.

"பார்ம்ல புல்லுக்கட்ட நெலத்துல இருந்து எத்தமாட்டோம் தங்கி. திட்டு மேல வெச்சி, அங்கருந்து தோளுக்கு வாங்குவோம். மகுவும் அப்டித்தான்" என்று என் மகளைக் காட்டினாள். தங்கி என்றது என்னை, எத்துவது என்றால் தூக்குவது.

துவைக்கிற கல்லை ஒட்டி, செங்கல்லும் சேற்றுமண்ணும் வைத்து இரண்டு படி கட்டினாள். மண் காய்ந்ததும் மகளின் கையைப் பிடித்து ஏற்றினாள். கல்மேல் நின்றால் குழந்தை என் மார்பு உயரம். நான் பக்கவாட்டில் திரும்பி நின்றால் போதும், அவளே காலைப் போட்டு இடுப்பில் உட்காருவாள். அதுவும் எப்போதாவதுதான் என்பது அக்காவின் உத்தரவு. மற்ற நேரம் நான் முக்காலியில் உட்கார வேண்டும், மகள் என் மடிக்கு வர வேண்டும். குளிப்பாட்டுவதும் முக்காலியிலிருந்துதான். படுக்கும்போது ஒருக்களித்து, முழங்கால்களுக்கு நடுவே பழம்புடவையைச் சுருட்டி வைத்துக்கொள்ளச் சொன்னாள். வலி அடியோடு போகவில்லை, ஆனால் என்னோடு அனுசரித்துக்கொண்டது. மிஷின்களைப் பற்றியே பேசும் என் கணவர் அந்த இரண்டு படிகளைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்.

அமாவாசை கழிந்து அத்தை வந்தார். வந்ததும் பேத்தியின் கவுன்களை மடித்துத் துணிப்பையில் வைத்தார். பார்த்துக்கொண்டு நின்றால் அழுதுவிடுவேன். துவைக்கப் போனேன். மகள் பின்னாலேயே வந்து, ஒரு படி, இரண்டு படி, கல்மேல் ஏறிக் கையை நீட்டினாள். நான் திரும்பி நின்றேன். தொற்றிக்கொண்டாள்.

அத்தை வாசலில் நின்று பார்த்தார். கிட்டே வந்து படியைக் காலால் அழுத்தினார். அசையவில்லை.

"யாரு கட்டுனது?" என்றார். சொன்னேன். "நாலு பெத்தேன். எனக்கு இது தோணலியே" என்று உள்ளே போய், கவுன்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடியில் போட்டார். பிரசவம் வரை எங்களோடேயே தங்கினார்.

இரண்டாவதும் பெண். ஆஸ்பத்திரியில் அத்தை ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். மறுநாள் அக்கா வேலைக்கு லீவு போட்டு, மூத்தவளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். என்னைப் பார்த்ததும் அக்கா கேட்டது, "பென்னு நோவா?"

அத்தை வெடுக்கென்று திரும்பினார். "பொண்ணா பொறந்தா ஒனக்கென்ன நோவு? ராசாத்தியாட்டம் இருக்கறா" என்று கைக்குழந்தையை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டார்.

நாங்கள் இருவரும் சிரித்த சிரிப்பில் தையல் வலித்தது. அத்தைக்கு அர்த்தம் சொல்லவில்லை, கடைசிவரை சொல்லவேயில்லை.

அதற்குள் மூத்தவள் கட்டிலருகே இருந்த ஸ்டூலைப் பார்த்துவிட்டாள். யாரையும் கூப்பிடவில்லை. அதில் ஏறி, கட்டிலுக்கு வந்து, என்னை ஒட்டிப் படுத்துக்கொண்டாள். யாரென்று கேட்கவில்லை.