துளசிக்கு ஊற்றிய தண்ணீர்

எனக்குப் பொறுமை குறைவு. சோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறவனுக்கு இருக்கவே கூடாத குணம் அது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன இடத்தில் பல வருடமாகத் தண்ணீர், எண்ணெய், முலாம் கரைசல் என்று எது வந்தாலும் பார்த்து எழுதிக் கொடுக்கிறேன். வருகிறவர்கள் எல்லாம் கம்பெனி ஆட்கள். மஞ்சப்பையில் ஒரு தண்ணீர் பாட்டிலோடு தன்னந்தனியாக வந்தவர் அந்த அம்மா ஒருவர்தான்.

நாற்பது வயது இருக்கும். ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் காஜா எடுக்கிற வேலை. கணவர் இறந்தபிறகு, கணவரின் அண்ணன் வீட்டுப் பின்னறையில் இருந்தார்.

"எங்க ஊட்டு போர் தண்ணி சார். இதுல இன்னா கீதுன்னு பாத்து எழுதிக் குடு சார்."

"எதுக்கும்மா?"

"நான் தண்ணி ஊத்துற செடியெல்லாம் பட்டுப் போவுது சார்."

சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. அந்த வீட்டில் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது அவர் வேலை. துளசி மூன்று தடவை வைத்து மூன்று தடவையும் கருகிவிட்டது. பிறகு முருங்கை மஞ்சளாகி இலையைக் கொட்டியது. அவருடைய கை ராசியில்லாத கை என்று வீட்டில் பேச்சு கிளம்பியது. அண்ணன் மருமகள் வேறு மாசமாக இருக்கிறாள். அவள் இருக்கும் பக்கம் இவர் போகக் கூடாது, சமையலறையில் எதையும் தொடக் கூடாது, இவர் கையால் ஒரு டம்ளர் தண்ணீர்கூட யாரும் வாங்குவதில்லை.

"பின்னாடி முலாம் பட்டறை கீது சார். நாத்தம் தாங்காது. தண்ணியிலதான் இன்னாவோ கீது. அத்த மட்டும் ஒரு பேப்பர்ல எழுதிக் குடு சார். இல்லேன்னா அந்த ஊட்டுல எனக்கு எடமில்ல."

பாவமாக இருந்தது. காசு வேண்டாம் என்று சொல்லி உடனே பார்த்துக் கொடுத்தேன். முலாம் பட்டறை என்றால் முதலில் நிக்கலைத்தான் தேட வேண்டும். தண்ணீரில் கொஞ்சம் அமோனியா விட்டு, அதற்கென்று இருக்கிற மருந்தை இரண்டு சொட்டு விட்டால் போதும். நிக்கல் இருந்தால் செக்கச் செவேலென்று திரியும். இந்தத் தண்ணீர் அப்படியே நின்றது. செம்பு, துத்தநாகம் என்று இன்னும் இரண்டு பார்த்தேன், எதுவும் இல்லை. எங்கள் தாளில் 'இல்லை' என்று அச்செடுத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். பெரிய உபகாரம் செய்துவிட்டதாக நினைப்பு எனக்கு.

அடுத்த வாரம் இன்னொரு பாட்டிலோடு வந்து நின்றார்.

"சார், நல்லாப் பாத்தியா சார்?"

அன்றைக்கு வேலை தலைக்கு மேல் இருந்தது. இருந்தும் அவர் கண் முன்னாலேயே மறுபடியும் சொட்டு விட்டேன். கண்ணாடிக் குழாயை அவர் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டினேன்.

"பாத்துக்கோம்மா. தண்ணியில ஒண்ணும் இல்ல. எத்தன வாட்டி சொல்றது?"

அவர் குழாயைப் பார்க்கவில்லை. தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப என் கைதானா சார்?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாதும்மா" என்றேன். இந்த வாயை என்ன செய்தால் தகும்!

அவர் விட்டுப்போன பாட்டிலில் முக்கால்வாசி மீதி இருந்தது. சன்னலோரம் ஒரு கண்ணாடிப் பாட்டிலில் மணி பிளாண்ட் வைத்திருந்தேன். அதில் தண்ணீர் குறைந்திருந்ததால் இதில் பாதியை ஊற்றினேன். இரண்டு வாரம் போயிருக்கும். ஒரு நாள் காலையில் பார்த்தால் இலை நுனியெல்லாம் பொசுங்கின மாதிரி பழுப்பாகியிருந்தது. மறுநாள் இலைகள் மஞ்சளாயின. அதற்கப்புறம் காற்றே இல்லாத அறையில் ஒவ்வொன்றாக விழ ஆரம்பித்தன. மேஜையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருப்பேன், பின்னால் மெல்லியதாக ஒரு சத்தம் கேட்கும். திரும்பினால் தரையில் ஓர் இலை கிடக்கும்.

எனக்கு முதலில் தோன்றியது வேதியியல் இல்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது. 'அந்தம்மா தொட்ட பாட்டிலாச்சே' என்றுதான் தோன்றியது. அந்தச் செடியைத் துணியால் பிடித்துத் தள்ளி வைத்தேன். இரண்டு நாள் அந்த மேஜைப் பக்கம் டீகூடக் குடிக்கவில்லை. படித்த படிப்பெல்லாம் எங்கே போனதோ!

மூன்றாம் நாள் என் மேலேயே எரிச்சல் வந்தது. மீதித் தண்ணீரில் அமிலம் விட்டு, வெள்ளைப் புகை கிளம்பும்வரை காய்ச்சினேன். அவசரத்தில் இரண்டு தடவையும் நான் செய்யாமல் விட்டது இதைத்தான். ஆறவிட்டு, அமோனியா சேர்த்து, பழைய மருந்தையே சொட்டு விட்டேன். குழாய் முழுக்கச் சிவந்தது. அதை மெதுவாகக் கீழே வைத்தேன்.

பள்ளிக்கூடப் புத்தகத்தில் இருக்கிற விஷயம்தான். நடுவில் ஓர் உலோக அணு இருக்கும், சுற்றி நின்று அதற்கு எலக்ட்ரானைக் கொடுத்துப் பிடித்துக்கொள்கிறவற்றுக்கு ஈனி என்று பெயர். சில ஈனிகள் ஒரு கையால் பிடிக்கும். முலாம் உரிக்கிற கரைசலில் போடுகிற ஈ.டி.டி.ஏ. என்ற ஈனி நண்டு மாதிரி, ஆறு பக்கமும் கவ்விக்கொள்ளும். நிக்கல் தனியாக மண்ணில் விழுந்தால் பெரும்பாலும் மண்ணோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும். ஈ.டி.டி.ஏ.வோ, உணவிலும் மருந்திலும்கூடச் சேர்க்கிற சாது. இரண்டும் கூட்டுச் சேர்ந்துவிட்டால்தான் வேறு ஜென்மம். மண் பிடித்து வைக்காது, வேர் உள்ளே விட்டுவிடும், என் மருந்தாலும் அந்தப் பிடியை விடுவிக்க முடியாது. ஒன்றையொன்று பிடித்தபடி பட்டறைக் கழிவோடு மண்ணில் இறங்கி, போர் குழாய்க்கு வந்து, செடிக்குள் ஏறி, இலை நுனிவரை போய் அங்கே தங்கிவிடும். அமிலத்தில் காய்ச்சி ஈனியை அழித்த பிறகுதான் நிக்கல் என் கைக்கு அகப்பட்டது.

அன்று சாயங்காலமே விலாசம் தேடி அந்த வீட்டுக்குப் போனேன். கணவரின் அண்ணன்தான் கதவைத் திறந்தார். நான் யாரென்று சொல்லி அந்த அம்மாவைக் கேட்டேன்.

"அவ போய்ட்டா சார். நாங்க ஒண்ணும் தொரத்தல. உங்க பேப்பர் வந்தப்புறம் அவளே மூட்ட கட்டிட்டா. வேப்பம்பட்டுல ரூம் எடுத்துகினு கீறா."

"பேப்பர் தப்புங்க. தண்ணியிலதான் இருக்கு. அதை எதுக்கும் தொடாதீங்க."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு கையைப் பிடித்து முற்றத்துக்குக் கூட்டிப் போனார். அங்கே துளசி தளதளவென்று நின்றது.

"அவ போனதுக்கப்புறம் வெச்சது சார். எப்டி கீது பாரு."

கிட்டே போய்க் குனிந்து பார்த்தேன். பிறகுதான் கவனித்தேன். புதுத் தொட்டி, நர்சரி மண், பத்து நாளாக விடாத மழை. போர் தண்ணீர் ஒரு சொட்டு விழவில்லை. எவ்வளவோ எடுத்துச் சொன்னேன். "செரி சார், செரி சார்" என்று தலையாட்டினார். அவர் நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

அவரிடமே விலாசம் வாங்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வேப்பம்பட்டுக்குப் போனேன். மின்சார ரயில் என்றால் என் மூன்று வயது மகளுக்கு உயிர், அவளையும் கூட்டிக்கொண்டேன். அந்த அம்மாவின் அறையில் ஒரு பாய், ஒரு அடுப்பு, நாலு பாத்திரம். "கட டீ வாங்கியாரட்டா சார்?" என்று கேட்டார். அடுப்பு இருந்தும் ஏன் கடை டீ என்பது எனக்குப் புரிந்தது. வேண்டாம் என்றேன்.

புதுத் தாளை நீட்டினேன். தப்பு முழுக்க என்னுடையது என்று சொன்னேன். நிக்கல், ஈனி எல்லாம் எனக்குத் தெரிந்த பாஷையில் விளக்கினேன். தாளை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப என் கையில ஒண்ணும் இல்லியா சார்?"

"ஒண்ணுமே இல்லம்மா. சத்தியமா."

கண்ணைத் துடைத்துக்கொண்டார். முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. மண்டியிட்டு உட்கார்ந்து, என் மகளைப் பார்த்து, "வா கண்ணு" என்று இரண்டு கையையும் நீட்டினார். நீட்டியபடியே என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"தொடட்டா சார்?"

"தாராளமா தொடும்மா" என்றேன்.

குழந்தை போகவில்லை. ஏன் போகவில்லை என்று குனிந்து பார்த்தேன். என் கை அவள் தோளை அழுத்தி என் காலோடு சேர்த்துப் பிடித்திருந்தது. எப்போது பிடித்தேன் என்று எனக்கே தெரியாது. சட்டென்று விட்டேன். அதற்குள் அவர் பார்த்துவிட்டார்.

நீட்டிய கையை மடக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"பரவால்ல சார்" என்றார். "எனக்கும் அப்டித்தான் சார் கீது."