அத்தை எனக்குத் தராத கஷாயம்

பெரியவர்கள் மத்தியில் நானாக வாய் திறந்தது, எனக்கு நினைவு தெரிந்து ஒரே ஒருமுறைதான். அப்போது எனக்கு எட்டு வயது.

அப்பாவின் தங்கை, என் அத்தை, புருஷன் வீட்டிலிருந்து திரும்பிவந்து முதலியார்பேட்டையில் எங்களோடு இருந்தாள். ஒருநாள் சாப்பாட்டுக்குப் பிறகு அவளுக்கு ஓயாத வாந்தி. அப்பா ஆட்டோ கூப்பிட ஓடினார். அது வருவதற்குள் அம்மா சமையலறையைக் கழுவி, அத்தை குடித்த டம்ளரையும் தேய்த்துக் கவிழ்த்துவிட்டாள். அம்மாவுக்குச் சுத்தம் அதிகம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டாக்டரம்மா பார்த்தார்.

“மீன் கொழம்பு ஒத்துக்கல டாக்டர்,” என்றார் அப்பா.

“நீங்க யாரும் சாப்பிடலையா?”

“சாப்ட்டமே.”

“உங்களுக்கு ஒன்னும் ஆகலையே?”

“நாங்க கொஞ்சமாதான் சாப்ட்டோம்,” என்றாள் அம்மா. சட்டியை வழித்துச் சாப்பிட்டவர்கள் நாங்கள்.

வாந்தி நின்றிருந்தது. கிளம்பலாம் என்று அம்மா பையை எடுத்தாள். டாக்டரம்மா அத்தையின் மணிக்கட்டை விடவில்லை. பிறகு அவள் நெஞ்சில் ஒயர்களை ஒட்டி, மிஷினிலிருந்து வந்த தாளை இரண்டு முறை பார்த்தார்.

“மீன் இப்படிச் செய்யாது. இதயம் ரொம்ப மெதுவா துடிக்குது. என்ன உள்ள போச்சுன்னு தெரிஞ்சாதான் அதுக்கேத்த மருந்து குடுக்க முடியும். திட்டறதுக்குக் கேக்கல. இவங்க பொழைக்கணும்னு கேக்கறேன்.”

அத்தை கண்ணை மூடிக்கொண்டாள். அப்பா தரையைப் பார்த்தார்.

“அத்த கஷாயம் வச்சி குடிச்சிச்சி,” என்றேன். “கேட்டேன், எனக்குக் குடுக்கல.”

அம்மா என் தோளைக் கிள்ளினாள். டாக்டரம்மா என் முன்னால் குந்தி உட்கார்ந்து, எந்தச் செடி என்று கேட்டார். பெயர் எனக்குத் தெரியாது, இடம் தெரியும். அப்பா என்னை வீட்டுக்கு அழைத்துப்போய், நான் கைகாட்டிய செடியிலிருந்து ஒரு கிளையை ஒடித்துக்கொண்டார். திரும்பும் வழியெல்லாம் என் கையை இறுகப் பிடித்திருந்தார்.

கிளையைப் பார்த்ததும் டாக்டரம்மா யாருக்கோ போன் செய்தார். அத்தையை வேறொரு அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். மிஷினில் அவள் இதயம் ஓடுவதைப் பார்த்தபடி இரவும் பகலும் யாராவது ஒருவர் இருந்தார்கள். தேறியபின், மனசுக்குப் பார்க்கிற டாக்டர் ஒருவர் எங்களை வெளியே அனுப்பிவிட்டு அவளோடு நெடுநேரம் பேசினார்.

வீட்டுக்கு வந்த அன்று அத்தை என்னைக் கூப்பிட்டாள். காட்டிக்கொடுத்ததற்கு அடி விழும் என்று கதவோரமே நின்றேன்.

“வாடி, தலைய பின்னி உடறேன்.”

பின்னினாள், அவிழ்த்தாள், மறுபடி பின்னினாள். மூன்றாம் முறையும் அவிழ்த்தபோது, ஆஸ்பத்திரியில் கிடந்ததில் அவளுக்குக் கை ஓய்ந்துவிட்டது போலிருக்கிறது என்று பாவமாக இருந்தது.

“பரவால்ல அத்த, நாளைக்குப் பின்னு,” என்றேன்.

“நாளைக்கா,” என்றாள்.

அவள் விரல்கள் என் தலைமுடிக்குள் அப்படியே நின்றன. வெகுநேரம் கழித்து, “சரி, நாளைக்கு” என்றாள்.

இதற்குப் போய் இவ்வளவு யோசிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு அப்போது புரியவில்லை.